வீடியோவுக்கு மிரர்லெஸ் வாங்கும்போது லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோ எடுக்கிறீர்கள், நடுவில் குறும்படமும் செய்கிறீர்கள். கையில் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், 24-105 எஃப் 4, ஒரு 50 மிமீ எஃப் 1.8 இருக்கின்றன. மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாற வேண்டும். சோனி ஏ7 மார்க் 4, கேனான் ஆர்6 மார்க் 2, பானாசோனிக் எஸ்5 மார்க் 2 மூன்றில் எது, எஃப் 1.4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சமும் அதிகம்) கட்டாயமா, "ஃபோட்டோ லென்ஸ் வீடியோவுக்கு ஆகாது" என்கிறார்களே அது உண்மையா. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் புரிந்துவிட்டால் எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) என்பது பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

பாதி உண்மை. கூர்மை, நிறம், கான்ட்ராஸ்ட் என்று பார்த்தால் இன்று வருகிற சாதாரண எஃப் 1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) கூட 4கே-க்குத் தேவையானதை விட அதிகமாகவே தருகிறது. சிக்கல் இருப்பது உள்ளே இருக்கும் கண்ணாடியை நகர்த்துகிற விதத்தில். உங்கள் 24-105-ல் ஃபோகஸ் ரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பல் இயந்திரத் தொடர்பு வழியாக நேராகக் கண்ணாடிக்குப் போகிறது. மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலும் அந்தத் தொடர்பே கிடையாது. ரிங் சுற்றுவதை ஒரு சென்சார் படித்து, மோட்டாருக்கு உத்தரவு கொடுத்து, மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. இப்படிச் செய்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஆட்டோஃபோகஸ் சத்தமில்லாமலும் வேகமாகவும் ஓட வேண்டும் என்றால் நகர்கிற பகுதி இலேசாக இருக்க வேண்டும், சின்ன மோட்டார் அதை இழுக்க வேண்டும், கனமான திருகு அமைப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் பல லென்ஸ்களில் மெதுவாகத் திருப்பினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும், அதே தூரத்தை வேகமாகத் திருப்பினால் நிறைய நகரும்படி வைத்துவிட்டார்கள். ஃபோட்டோகிராஃபருக்கு இது வசதி. தரையில் டேப் ஒட்டி, நடிகர் இங்கே வந்தால் ரிங் இங்கே என்று குறித்து வைத்துக்கொண்டு ஃபோகஸ் இழுப்பவருக்கு இது முழுத் தொல்லை, ஏனென்றால் அடுத்த டேக்கில் அதே குறிக்குத் திருப்பினாலும் ஃபோகஸ் அதே இடத்துக்கு வராது.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியில் போனது. பானாசோனிக் மெனுவிலேயே லீனியர் (வேகம் எதுவானாலும் ரிங் சுற்றிய அளவுக்கே ஃபோகஸ் நகர்வது) என்று வைத்துக்கொள்ளலாம், முழு ஃபோகஸுக்கும் ரிங் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம். கேனானின் மிரர்லெஸ் வகையான ஆர்எஃப் லென்ஸுக்கு, ரிங்கின் வேகத்தைப் பார்க்காமல் சுற்றிய அளவை மட்டும் பார் என்று மெனுவில் சொல்ல முடியும். சோனியில் அது லென்ஸைப் பொறுத்தது. ஜி, ஜிஎம் வகை லென்ஸ்கள் பலவற்றில் லீனியராகவே வடிவமைத்திருக்கிறார்கள், மலிவான லென்ஸ்களில் நம்ப முடியாது. டாம்ரன் தன் புதிய லென்ஸ்களில் யுஎஸ்பி-சி துளை வைத்து, கம்ப்யூட்டரில் இணைத்து இதை மாற்றிக்கொள்ள விடுகிறது. எந்த லென்ஸ் வாங்கினாலும், எந்த யூடியூப் விமர்சனம் பார்த்தாலும், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கார்னர் கூர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத விமர்சனம் உங்களுக்கு உதவாது.

அடுத்தது ப்ரீதிங். ஃபோகஸ் மாறும்போது லென்ஸ் பார்க்கும் கோணமும் சேர்ந்து மாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஃபோட்டோவில் இது யாருக்கும் தெரியவே தெரியாது. வீடியோவில் தாலியிலிருந்து மணப்பெண்ணின் முகத்துக்கு ஃபோகஸ் போகும்போது ஃப்ரேம் முழுக்க ஒரு தடவை உப்பி அடங்கினால், பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். சோனி 2021-ல் ஏ7 மார்க் 4-ல் இதற்குக் கேமராவுக்குள்ளேயே ஒரு திருத்தம் கொண்டு வந்தது. படத்தைக் கொஞ்சம் வெட்டி, கோணம் மாறாதது போலக் காட்டுகிறது. கேனானும் ஆர்6 மார்க் 2-ல் அதே மாதிரி கொடுத்தது. இரண்டுமே அந்தந்தக் கம்பெனியின் சொந்த லென்ஸ்களில், அதிலும் பட்டியலில் உள்ளவற்றில் மட்டும் வேலை செய்யும். சோனி பாடியில் சிக்மாவோ டாம்ரனோ போட்டால் அந்த வசதி வராது. ஆகவே பணம் மிச்சம் பிடிக்க வெளிக் கம்பெனி லென்ஸ் எடுப்பவர்கள், அந்த லென்ஸே இயல்பாக எவ்வளவு ப்ரீத் செய்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதும், நம் ஊரில் ஆட்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் வேறொன்று. லென்ஸ்கள் ஒரு குடும்பமாக இருக்கின்றனவா என்பது. பானாசோனிக் 2020-லிருந்து 2022-க்குள் 85, 50, 24, 35, 18 மிமீ என்று ஐந்து எஃப் 1.8 ப்ரைம்களைக் கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நீளம், 82 மிமீ. எல்லாவற்றுக்கும் 67 மிமீ ஃபில்டர். எடையும் முந்நூறு கிராமை ஒட்டித்தான், பெரிய வித்தியாசம் இல்லை. ரிங் இருக்கிற இடமும் ஒன்றே. கிம்பலில் (நடுக்கத்தைச் சமன் செய்யும் மோட்டார் கைப்பிடி) 24-ஐக் கழற்றி 50-ஐ மாட்டினால் பேலன்ஸை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், ரிங்கைச் சுற்றும் ஃபாலோ ஃபோகஸ் மோட்டார் இருந்த இடத்திலேயே இருக்கும். முகூர்த்த நேரத்தில் லென்ஸ் மாற்றுவதற்கு உங்களுக்கு அரை நிமிடம் கூடக் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். சினிமா லென்ஸ் செட்டுகள் இப்படித்தான் பல வருடங்களாக வருகின்றன. அதை ஒரு சாதாரண ஃபோட்டோ லென்ஸ் விலையில் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கேனான் 2024-லிருந்து விசிஎம் என்ற பெயரில் கொண்டு வந்த எஃப் 1.4 வரிசையும் இதே எண்ணம்தான். 24, 35, 50 மூன்றும் ஒரே நீளம், 67 மிமீ ஃபில்டர், அபெர்ச்சருக்கு (லென்ஸ் திறப்புக்கு) தனி ரிங். அருமையான லென்ஸ்கள், விலைதான் வேறு உலகத்தில் இருக்கிறது. சோனியில் 2021-ல் வந்த 24 எஃப் 2.8, 40 எஃப் 2.5, 50 எஃப் 2.5 மூன்று குட்டி ஜி லென்ஸ்களும் ஒரே அளவு, 49 மிமீ ஃபில்டர். அவை மூன்றும் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும், ஆனாலும் அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அபெர்ச்சர் ரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபத்துக்குள்ளிருந்து வாசலுக்கு மாப்பிள்ளையோடு நடந்து வருகிறீர்கள், எக்ஸ்போஷரை ஷாட்டுக்கு நடுவிலேயே மாற்ற வேண்டும் என்றால், பாடியில் உள்ள டயலைச் சுற்றும்போது மூன்றில் ஒரு ஸ்டாப் மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) படம் தாவும், அது திரையில் அப்பட்டமாகத் தெரியும். க்ளிக் சத்தத்தை நிறுத்தும் சுவிட்ச் உள்ள ரிங் இருந்தால் வழுக்கிக்கொண்டு மாறும். அந்த மூன்று சோனி லென்ஸ்களிலும் அது இருக்கிறது. பானாசோனிக் எஃப் 1.8 வரிசையில் ரிங்கே இல்லை, அது ஒரு குறைதான்.

எஃப் 1.4 விஷயம். கணக்குப் போட்டே பார்ப்போம். ஃபுல் ஃப்ரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சாரில்) 85 மிமீ லென்ஸ், ஆள் இரண்டு மீட்டர் தூரத்தில், எஃப் 1.4. கூர்மையாகத் தெரிகிற ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். மூக்கு நுனி கூர்மையாக இருந்தால் காது இருக்காது. மணமக்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் கொஞ்சம் முன்னால் குனிந்தாலும் இன்னொருவர் போய்விடுவார். எஃப் 2.8-ல் கூட ஒன்பது சென்டிமீட்டர்தான். ஃபோட்டோவில் நூறு எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம், வீடியோவில் ஷாட் முழுக்க ஃபோகஸ் நிற்க வேண்டும். அப்புறம் வெளிச்சம்: எஃப் 1.4-க்கும் 1.8-க்கும் மூன்றில் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். இன்றைய பாடிகள் பலவற்றில் இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (சென்சார் புள்ளி இரைச்சல் குறைவாக வேலை செய்யும் உணர்திறன் அளவு) வருகிறது. எஸ்5 மார்க் 2-ல் வி-லாக் (பின்னால் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதிவு செய்யும் லாக் முறை) என்றால் 640, 4000. மங்கலான மண்டபத்தில் 4000-க்குப் போனால் அந்த மூன்றில் இரண்டு ஸ்டாப்பை நீங்கள் தேடவே மாட்டீர்கள். குறும்படத்தில் தெரு விளக்கு மட்டும் வைத்து இரவுக் காட்சி எடுப்பவருக்கு எஃப் 1.4 பயன்படும். மற்றவர்களுக்கு அந்தப் பணம் ஒரு நல்ல மைக்குக்கும் ஒரு எல்இடி லைட்டுக்கும் போவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஜூமைப் பொறுத்தவரை, மிரர்லெஸ் ஜூம்கள் பெரும்பாலும் ஜூம் செய்யும்போது ஃபோகஸைத் தானாகப் பிடித்து வைத்திருப்பவை அல்ல, மோட்டார் ஓடி ஓடிச் சரிசெய்துகொண்டே இருக்கும். பெரும்பாலான நேரம் தெரியாது. நீளம் மாறாத ஜூம் கிடைத்தால் கிம்பலுக்கு நல்லது. சோனி 16-35 எஃப் 4 பவர் ஜூம் அப்படி ஒன்று, 353 கிராம்தான். சிக்மா 28-45 எஃப் 1.8-ம் நீளம் மாறாது, ஆனால் 960 கிராம். கேனான் 24-105 எஃப் 2.8 இசட் ஒரு கல்யாணத்தை முழுக்கத் தனியாக எடுத்துவிடும், 1330 கிராமைக் காலையிலிருந்து இரவு வரவேற்பு வரை கையில் தூக்க உங்களால் முடியும் என்றால்.

சரி, இனி பாடி.

டிஎஸ்எல்ஆருக்குள் மடங்கும் அந்த மிரர் கண்ணாடியை எடுத்துவிட்டதால் மிரர்லெஸ்ஸுக்குக் கிடைத்த உண்மையான லாபம் எடைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே இருந்த தூரம் குறைந்ததுதான் பெரிய விஷயம். டிஎஸ்எல்ஆரில், கேனான் இஎஃப் மவுண்ட்டில் அது 44 மிமீ, நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5. மிரர்லெஸ்ஸில் சோனி இ மவுண்ட் 18 மிமீ, கேனான் ஆர்எஃப் 20, பானாசோனிக் பயன்படுத்தும் எல் மவுண்ட் 20, நிக்கான் இசட் 16. இதனால் வைட் லென்ஸ்களின் பின்பக்கக் கண்ணாடியைச் சென்சாருக்கு நெருக்கமாகக் கொண்டு போக முடிந்தது, அவை சின்னதாகவும் மூலைவரை கூர்மையாகவும் வந்தன. அதோடு, பழைய லென்ஸ் எதை வேண்டுமானாலும் நடுவில் ஒரு அடாப்டர் வைத்து மாட்டலாம் என்ற சுதந்திரமும் வந்தது. 2013-ல் வந்த மெட்டாபோன்ஸ் ஸ்பீட் பூஸ்டர் அந்த இடைவெளிக்குள் கண்ணாடியே வைத்து, சின்ன சென்சாரில் ஃபுல் ஃப்ரேம் லென்ஸின் கோணத்தைப் பெருமளவு மீட்டு, கூடவே ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கொடுத்தது. அந்தக் காலத்தில் பானாசோனிக் ஜிஎச் கேமராக்களில் குறும்படம் எடுத்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ஆனால் பாடிக்குள் மிஞ்சிய கொஞ்ச இடத்தை என்ன செய்தார்கள்? சென்சாரை ஆட்டி நடுக்கத்தைக் குறைக்கும் ஐபிஸ் அமைப்பையும், இயந்திர ஷட்டரையும் அங்கே வைத்தார்கள். வீடியோக்காரனுக்கு மிகவும் வேண்டிய என்டி ஃபில்டருக்கு இடமில்லாமல் போனது. இதுதான் மிரர்லெஸ் வடிவமைப்பில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை. மே மாத மத்தியான வெயிலில் கோயில் வாசலில் ஊர்வலம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எஸ்5 மார்க் 2-ல் லாகில் ஐஎஸ்ஓ 640 வைத்து எடுப்பதாகக் கொள்வோம். சன்னி 16 (நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ) கணக்குப்படி எஃப் 16-ல் ஷட்டர் 1/640 வர வேண்டும். அசைவு இயல்பாகத் தெரிய 25 ஃப்ரேமுக்கு நீங்கள் 1/50-ல் நிற்க வேண்டும், அதுவே மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் வெளிச்சம். எஃப் 2.8-க்குத் திறந்தால் இன்னும் ஐந்து ஸ்டாப். மொத்தம் எட்டரைக்கு மேல் போகிறது. லாகை ஒரு ஸ்டாப் கூடுதலாகவே எக்ஸ்போஸ் செய்கிறோம் என்று கழித்தாலும் ஏழரை ஸ்டாப் என்டி வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து ஸ்டாப் வரை போகும் வேரியபிள் என்டி (திருப்பி அளவை மாற்றக்கூடிய ஃபில்டர்) வாங்கி வைத்துக்கொண்டு, வெயிலில் ஷட்டரை 1/400-க்கு ஏற்றி, நடக்கிறவர்கள் வெட்டி வெட்டி நடப்பது போல எடுத்துவிட்டு கேமராவைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். மலிவான வேரியபிள் என்டியை அதன் எல்லைக்குத் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பு நிழல் விழும், அதையும் எடிட்டில் எடுக்க முடியாது.

உள்ளே என்டி வைத்த கேமராக்கள் இருக்கின்றன. சோனி எஃப்எக்ஸ்6, கேனான் சி70 இரண்டும் 2020-ல் வந்தவை, இரண்டிலும் என்டி உண்டு, இரண்டிலும் ஐபிஸ் கிடையாது. என்டியையும் ஐபிஸையும் ஒரே இடத்தில் வைப்பது கஷ்டம் என்பதுதான் காரணம். ஆனால் நிக்கான் 2021-ல் இசட்9-ல் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது, சோனி எஃப்எக்ஸ்30-லும் அது இல்லை. ஷட்டர் போன இடத்தில் என்டியைப் பற்றி யாராவது தீவிரமாக யோசித்திருக்கலாம், இரண்டிலும் வரவில்லை. கேனான் மட்டும் வேறொரு வழியில் அழகாகச் செய்தது. இஎஃப் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்டும் அடாப்டரில் 24 மிமீ காலி இடம் இருக்கிறதல்லவா, அதற்குள் வேரியபிள் என்டியைச் செருகும்படி ஒரு அடாப்டர் விற்கிறார்கள், ஒன்றரை ஸ்டாப்பிலிருந்து ஒன்பது வரை போகும், பக்கத்தில் சின்னச் சக்கரம். லென்ஸின் முன்பக்கம் எந்த அளவாக இருந்தாலும் ஃபில்டர் ஒன்றுதான். மிரர்லெஸ் காலத்தில் வந்த துணைக்கருவிகளில் மிக நன்றாக யோசித்தது இது என்பேன். உங்களிடம் இஎஃப் 24-105 இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

ஐபிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் பிடித்து அசையாமல் நிற்கும் ஷாட்டுக்கு அது பெரிய வரம். ஆனால் 20 மிமீக்குக் கீழே வைட் லென்ஸ் போட்டு நடந்தால் ஃப்ரேமின் மூலைகள் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளியும், ஏனென்றால் சென்சார் நகர்ந்து சரிசெய்வது நடுவுக்குப் பொருந்தும், வைட் லென்ஸின் ஓரத்துக்கு அதே அளவு பொருந்தாது. கிம்பலிலும் ட்ரைபாடிலும் அணைத்துவிடுங்கள். அசைவுப் பதிவைக் கேமரா கோப்புக்குள்ளேயே எழுதினால் கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளில் பின்னால் சரிசெய்யலாம். சோனி பாடிகள் பலவற்றில் இந்த வழி நன்றாக வருகிறது.

சூடு. ஐபிஸில் சென்சார் மிதந்துகொண்டிருப்பதால் அதன் சூடு பாடிக்குக் கடந்து போக நல்ல வழி இல்லை. 2020-ல் கேனான் ஆர்5 8கே-யில் சூடாகி நின்றது பெரிய பேச்சானது நினைவிருக்கும். இதற்கு நேர்மையான தீர்வு ஃபேன்தான். பானாசோனிக் 2019-ல் எஸ்1எச்-ல் வைத்தது, சோனி 2021-ல் எஃப்எக்ஸ்3-ல் வைத்தது, 2023-ல் எஸ்5 மார்க் 2-ல் வந்தபோது அது சாதாரண விலைக்கு இறங்கி வந்தது. உங்கள் பட்டியலில் மற்ற இரண்டிலும் ஃபேன் இல்லை. ஏ7 மார்க் 4 எடுத்தால் மெனுவில் வெப்பத்தால் தானாக அணையும் அளவை 'ஹை' என்று முதல் நாளே மாற்றுங்கள். ஏசி இல்லாத மண்டபத்தில் 4கே 50 ஃப்ரேமில் நீளமாக ஓட்டுவதாக இருந்தால் ஃபேன் உள்ள கேமராதான் நிம்மதி. முன்பு பெரும்பாலான ஃபோட்டோ கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும், அதற்கும் சூட்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை. அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் அதை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் இறக்குமதி வரி போட்டார்கள், அதைத் தவிர்க்கத்தான் அந்த எல்லை.

அடுத்து சென்சாரைப் படிக்கும் வேகம்; கேமரா அதை மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் படிக்கிறது. ஏ7 மார்க் 4 33 மெகாபிக்சல், 4கே-க்காக முழு அகலத்தையும் படித்து முடிக்கக் கிட்டத்தட்ட 27 மில்லி வினாடி ஆகிறது. எஸ்5 மார்க் 2 இருபதைக் கொஞ்சம் தாண்டும். 12 மெகாபிக்சல் ஏ7எஸ் மார்க் 3 ஒன்பதை ஒட்டி முடித்துவிடுகிறது. வேகமாகப் பேன் செய்தால், அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால், தூண் சாய்வது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தில் இதை விட மோசமானது ஃபோட்டோகிராஃபரின் ஃப்ளாஷ். அது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி மின்னும்போது சென்சாரில் எந்த வரிகள் வெளிச்சம் வாங்கிக்கொண்டிருக்கின்றனவோ அவை மட்டும் வெளுக்கும். ஃப்ரேமின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சாதாரணம் என்று வரும். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் இப்படிப் பாதி ஃப்ரேம் வராமல் இருக்க வழியே இல்லை. வேகமான சென்சாரில் பல நேரம் முழு ஃப்ரேமும் சேர்ந்து வெளுக்கும், அது கண்ணுக்கு இயல்பாக இருக்கும். முழுத் தீர்வு எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர், அது இப்போதைக்கு ஏ9 மார்க் 3 மாதிரி விலை உயர்ந்த பாடியில்தான். இதோடு சேர்ந்தது லைட் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃப்ரேம் 1/50, 50 ஃப்ரேம் 1/100 என்று வையுங்கள், யூடியூபில் அமெரிக்கர் சொல்கிறார் என்று 24, 30-க்குப் போய் 1/60 வைத்தால் டியூப் லைட் ஓடும். வரவேற்பு மேடையின் எல்இடி சுவர் அதற்கும் அடங்காது; ஷட்டரைப் பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி எந்தப் பாடியில் இருக்கிறது என்று பாருங்கள், பானாசோனிக்கில் பல வருடமாக இருக்கிறது.

வெளிப்புற வடிவம். முழு அளவு எச்டிஎம்ஐ துளை வேண்டும், மைக்ரோ எச்டிஎம்ஐ வீடியோ வேலையில் ஒரு நாள் உடைந்தே தீரும். ஆர்6 மார்க் 2-ல் மைக்ரோதான், மற்ற இரண்டிலும் முழு அளவு. ஸ்க்ரீனைப் பக்கவாட்டில் திறந்தால் கேபிள் முட்டுகிறதா என்று கடையிலேயே சொருகிப் பாருங்கள். எஃப்எக்ஸ்3 மாதிரி வியூஃபைண்டர் இல்லாத பெட்டி வடிவம் இப்போது நாகரிகமாகிவிட்டது. மானிட்டர் வைத்து ரிக்கில் எடுப்பவருக்குச் சரி. வெயிலில் தனியாக அலைந்து எடுப்பவருக்கு வியூஃபைண்டர் கண்ணுக்கும் வேண்டும், நெற்றியில் அழுத்தி நிற்க மூன்றாவது பிடிமானமாகவும் வேண்டும்.

3:2 சென்சாரை முழுக்கப் பதிவு செய்யும் ஓப்பன் கேட்டும் முக்கியம், ஒரே ஷாட்டிலிருந்து படுக்கை வீடியோவும் ரீல்ஸுக்கு நிமிர்ந்த வீடியோவும் வெட்டலாம். மூன்றில் எஸ்5 மார்க் 2-ல் மட்டும் 6கே-யில் இருக்கிறது. இந்தக் கேமராக்கள் தரும் எச்.265 10-பிட் 4:2:2 என்ற கனமான வகைக் கோப்புகளை உங்கள் கம்ப்யூட்டர் ஓட்டுமா என்பதையும் பாருங்கள். இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்து வரும் உள் கிராஃபிக்ஸும் ஆப்பிள் எம்1-ம் ஓட்டும், மற்றவற்றில் ப்ராக்ஸி (எடிட்டுக்கான இலேசான நகல்) செய்ய வேண்டி வரலாம்.

இனி எது என்பது. என் தேர்வு எஸ்5 மார்க் 2. ஃபேன், முழு எச்டிஎம்ஐ, பாடியிலேயே வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்), லீனியர் ஃபோகஸ், ஓப்பன் கேட், ஒரே அளவில் எஃப் 1.8 லென்ஸ்கள் எல்லாம் ஒரே இடத்தில், வீடியோ எடுப்பவனின் கையை நினைத்துச் செய்தது. 35-ம் 85-ம் முதலில் வாங்கி, ஒரு ஜூமைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். எல் மவுண்ட்டில் 2018-லிருந்து லைக்கா, பானாசோனிக், சிக்மா சேர்ந்திருப்பதால் சிக்மாவின் நல்ல லென்ஸ்களும் ஆட்டோஃபோகஸோடு கிடைக்கும். குறைகளும் உண்டு: 740 கிராம் எடை, 4கே 50 ஃப்ரேமில் ஏபிஎஸ்-சி அளவுக்கு (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார் அளவு) வெட்டும், ஆட்டோஃபோகஸ் முன்பை விட வெகுவாகத் தேறியும் சோனி அளவுக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளாது. உங்கள் இஎஃப் லென்ஸ்களை அதில் அடாப்டரில் மாட்டித் தொடர் ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது, விற்றுவிடுவதே நல்லது.

சோனி எப்போது? கூட வரும் இரண்டாவது கேமராமேன்கள் எல்லோரும் சோனி வைத்திருந்தால், வேலையில் பெரும்பகுதி கிம்பலில் ஆட்டோஃபோகஸை நம்பி ஓடுவதாக இருந்தால். 2011-லேயே மவுண்ட் விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டதால் மலிவான லென்ஸ் முதல் மேல்தட்டு லென்ஸ் வரை அங்கேதான் தேர்வு அதிகம். அதிலும் ஏ7 மார்க் 4-ன் மெதுவான சென்சார் எனக்கு உறுத்தும், முடிந்தால் பழைய சந்தையில் ஏ7எஸ் மார்க் 3 தேடுங்கள். கேனான் எப்போது? புது லென்ஸுக்கு இப்போது பணமில்லை, 24-105-ஐயே இன்னும் ஒரு வருடம் ஓட்ட வேண்டும் என்றால், ஆர்6 மார்க் 2-ம் அந்த என்டி அடாப்டரும். 4கே 50 ஃப்ரேமில் முழு அகலம் கிடைக்கும், நிறமும் தோலும் அதிக வேலை இல்லாமல் வரும். ஃபுல் ஃப்ரேமில் வெளிக் கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை ஆர்எஃப் மவுண்ட்டில் கேனான் தாராளமாக விடவில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் விலை தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அல்லது வாடகைக்கு ஒரு நாள் எடுங்கள். பக்கத்தில் ஒரு பொருளையும் பின்னால் சுவரில் ஏதாவது ஒரு கோட்டையும் வைத்து, எஃப் 8-ல் ஃபோகஸை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாகத் திருப்பிப் பதிவு செய்யுங்கள், ஃப்ரேமின் ஓரம் எவ்வளவு நகர்கிறது என்பது தெரியும். அதே திருப்பலை வேகமாக ஒரு முறை செய்யுங்கள், ஃபோகஸ் அதே இடத்துக்கு வருகிறதா பாருங்கள். கடை வாசலின் கம்பிக் கதவைப் பார்த்து வேகமாக ஒரு பேன். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே 1/50-ல் பத்து வினாடி. மைக், ஹெட்ஃபோன், எச்டிஎம்ஐ மூன்றையும் சொருகிக்கொண்டு ஸ்க்ரீனைத் திறந்து சுழற்றுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் எடிட் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புகளை டைம்லைனில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் போய் வாங்குங்கள்.